பர்மாவைப் பார்க்காத துப்பாக்கி

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, தலைமை ஏற்றிருக்கும் அச்சக உரிமையாளர் சங்கத் தலைவர் அன்பரசன் அவர்களே, துப்பாக்கி சுடுவோர் மன்றத்து நண்பர்களே, திருத்தங்கலில் மெஷினை நிறுத்திவிட்டு வந்திருக்கும் அச்சகத் தொழிலாளத் தோழர்களே, சீனிவாசகத்தின் அருமை மகள் ஆர்த்தியே, மூன்றாவது வரிசையில் தூண் ஓரமாக அமர்ந்திருக்கும் அம்மா முத்துமாரியம்மாள் அவர்களே! துக்கத்தோடு கூடியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் இந்த ராஜசிங்கின் வணக்கம்.

பலருக்கு என்னைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விருதுநகரில் கணக்கு வாத்தியாராகவும் பள்ளியின் என்.சி.சி. அதிகாரியாகவும் இருந்து ஓய்வு பெற்றவன். மறைந்த அச்சுக்கலைச் செம்மல், எங்கள் மன்றத்தின் தலைவர், அமரர் சீனிவாசகம் அவர்களுக்கு முப்பது வருடத்துச் சிநேகிதன். அதே முப்பது வருடமும் அவருக்குப் போட்டிக்காரன். இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம். ராணுவமும் போலீசும் கழித்துப்போட்ட பழைய துப்பாக்கிகளைத் தேடிப் போய் வாங்குகிற பைத்தியம். ஒரே பொருளின் மேல் இரண்டு பேர் ஆசை வைத்தால் அந்தச் சிநேகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

புகழ்ந்து பேசுங்கள் என்று சொல்லி மைக்கைக் கொடுத்திருக்கிறார்கள். வாத்தியாருக்குப் புகழத் தெரியுமா? மார்க் போடத்தான் தெரியும், அதுவும் கை இறுக்கமாக. ஆகவே நடந்ததைச் சொல்கிறேன்.

சொல்வதற்கு ஒரு அவசரமும் இருக்கிறது. சீனிவாசகம் விட்டுப்போன துப்பாக்கி ஒன்று இப்போது காவல் நிலையத்தில் கிடக்கிறது. உரிமம் வைத்திருந்தவர் காலமானால் ஆயுதத்தை ஒப்படைத்துவிட வேண்டும் என்பது விதி. வேறு யாரும் உரிமத்தோடு வந்து கேட்காவிட்டால் அதைத் துண்டு துண்டாக வெட்டி உருக்கிவிடுவார்கள். ஆர்த்தி, "எங்க வீட்டுக்குள்ள இனி அது வேண்டாம் மாமா" என்று சொல்லிவிட்டாள். அவள் சொல்வதில் தப்பே இல்லை. அப்படியானால் அதை எடுப்பதா, வெட்ட விடுவதா? இந்த மேடையை விட்டு இறங்குவதற்குள் நான் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இங்கே வந்தவர்களில் பாதிப் பேர் என்னை நிறுத்தி ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். "ஏன் சார், ஒரு வேட்டுக்கூடப் போடாம தூக்கிட்டுப் போயிட்டீக?" நியாயமான கேள்வி! இது வெடிக்குப் பேர்போன மண். இங்கே பிள்ளை பிறந்தாலும் வேட்டு, பெரியவர் போனாலும் வேட்டு. அவர் அச்சடித்த லேபிளை ஒட்டிக்கொண்டு போன வெடிகள் வடக்கே எந்தெந்த ஊரிலெல்லாமோ வெடித்தன. அப்பேர்ப்பட்ட மனிதரைச் சுமந்துகொண்டு போகும்போது தெரு நெடுக நம் செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது. காதுக்கு என்னவோ போல இருந்தது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அது அவர் கேட்டு வாங்கிய அமைதி. யாரிடம் வாங்கினார், எதற்காக வாங்கினார் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் அந்தப் பைத்தியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

மனிதன் எதற்காக ஒரு பழைய பட்டாளத்துத் துப்பாக்கியை வாங்குகிறான்? சுடவா? அதற்குத் தோட்டா கிடைப்பதே பெரிய பாடு. காவலுக்கா? ஒரு நாயை வளர்த்தால் போதும். அழகுக்கா? என் மனைவி ரீனாவைக் கேட்டுப் பாருங்கள், "கடப்பாரைக்குக் கைப்பிடி போட்ட மாதிரி இருக்கு" என்பாள். அவள் செவிலியர், அடிபட்ட உடம்புகளைப் பார்த்தவள், அவளுக்கு இதெல்லாம் பிடிக்காது.

அதைக் கையில் எடுத்தால்தான் தெரியும். முதலில் எடை. பிறகு வாசனை. அந்த மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் ஊட்டியிருப்பார்கள். அச்சு மையிலும் அதே எண்ணெய்தான். சீனிவாசகம் கட்டையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "நம்ம கம்பெனி வாசம்ல!" என்று சிரிப்பார். அப்புறம் கட்டையில் ஒரு இடம் இருக்கும். குறி பார்க்கும்போது கன்னம் படுகிற இடம். அங்கே மட்டும் மரம் வழவழவென்று இருக்கும். யார் யாரோ சிப்பாய்கள் வருடக்கணக்காகக் கன்னத்தை வைத்துத் தேய்த்த இடம் அது. அவன் பெயர் என்ன? ஊர் எது? திரும்பி வந்தானா? ஒன்றும் தெரியாது. அவன் கன்னம் வைத்த இடத்தில் நம் கன்னத்தை வைக்கிறோம். நண்பர்களே, உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு நொடியில் பக்கத்தில் யாரோ மூச்சு விடுவது மாதிரி இருக்கும். அதற்காகத்தான் வாங்குகிறோம். மற்றதெல்லாம் வீட்டில் சொல்கிற சமாதானம்.

சீனிவாசகம் துப்பாக்கியை 'அது' என்று சொல்ல மாட்டார். 'அவரு' என்பார். கடைக்குள் போனதும் விலை கேட்க மாட்டார். "இவரு எங்கன இருந்து வர்றாரு?" என்பதுதான் முதல் கேள்வி. கடைக்காரனுக்கு அது போதாதா? வருகிறவனின் ஆசை தெரிந்துவிட்டால் கதைக்கா பஞ்சம்?

ஒரு நாள் மதுரையில் ஒரு ஆயுத வியாபாரியிடம் போலீஸ் கழித்த மஸ்கட் ஒரு கட்டு வந்திருப்பதாகத் தகவல். மஸ்கட் என்றால், ராணுவ ரைஃபிளின் உடம்பு, குழல் மட்டும் வேறு. ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான் போகும். கூட்டத்தை அடக்குவதற்கென்று போலீசுக்குக் கொடுத்தது. பஸ்ஸில் ஏறினால் சீனிவாசகம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறார். "எங்க சார், இம்புட்டு காலையில?" என்றார். "ஒரு கல்யாணம்" என்றேன். "நான் பேப்பர் லோடு பாக்கப் போறேன்" என்றார். மதுரையில் இறங்கி ஆளுக்கொரு திசையில் நடந்தோம். சந்தைத் தெருவைச் சுற்றிக்கொண்டு நான் கடைக்குள் நுழைந்தால், மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்!

அன்றைக்குத்தான் அந்தத் துப்பாக்கி வந்தது. கட்டையின் இடது பக்கத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பள்ளம். வியாபாரி பள்ளத்தைத் தொட்டுக் காட்டி, "பர்மா போர்ல இருந்தது சார். குண்டுச் சில்லு பட்ட எடம். பொறவுதான் கொழல மாத்திப் போலீசுக்குக் குடுத்தாக" என்றான். எனக்கும் அதன்மேல் கண்தான். ஆனால் நான் வாய் திறப்பதற்குள் சீனிவாசகம் தன் கன்னத்தைக் கொண்டுபோய்க் கட்டையில் வைத்துவிட்டார். அப்புறம் நான் என்ன பேச?

அச்சகத்தில் நிறம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற சின்ன லென்ஸ் எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். அதை வைத்து இரும்பில் குத்தியிருந்த வருடத்தைப் படித்தார். கடைசி எண் தேய்ந்திருந்தது. 'மூணு' என்றார். நாற்பத்து மூன்று. பர்மாவில் போர் நடந்த காலம். கணக்கு சரியாகப் பொருந்திவிட்டது! கல்யாணப் பத்திரிகையில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் ஆயிரம் பத்திரிகையைத் திருப்பி அடிக்கிற மனிதர். அவருக்கு அன்றைக்கு அந்த எண் மூன்றாகத்தான் தெரிந்தது.

அதன் பிறகு பர்மா, பர்மா, பர்மா! வீட்டுக்கு வந்தவர்களுக்குப் பர்மா. பள்ளிக்கூடத்து விழாவில் பர்மா. பிள்ளைகள் வரிசையில் வந்து அந்தப் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்ப்பார்கள். ஆயுதபூசை அன்று மெஷினுக்கும் பேப்பர் வெட்டுகிற கத்திக்கும் சந்தனம் வைத்துவிட்டு, கடைசியில் அதற்கு மட்டும் தனியாக ஒரு மாலை. நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன், சந்தனம் வைக்க மாட்டேன். சுண்டலை மட்டும் குறை வைத்ததில்லை.

சிவகாசிப் பக்கத்து அச்சகக்காரர் ஒரு பெருமையை மனசுக்குள் வைத்துக்கொள்வாரா? காலண்டர் போட்டுவிட்டார். ஒரு வருடத்துத் தினசரிக் காலண்டருக்குச் சாமி படம் வேண்டாம், நடிகை படம் வேண்டாம் என்று சொல்லி, அட்டை நிறைய அந்தத் துப்பாக்கியின் படம். கீழே தங்க எழுத்தில் 'பர்மாப் போர்முனை கண்ட வீரத் துப்பாக்கி'. படம் அபாரமாக வந்திருந்தது, மறுக்க மாட்டேன். குழலின் வாய் பார்க்கிறவனை நோக்கித் திரும்பியிருக்கும். அறைக்குள் எந்தப் பக்கம் போனாலும் அது நம்மைப் பார்க்கிற மாதிரி இருக்கும். ஆர்டர் கொடுத்த மளிகைக்கடைகள், வெடி கம்பெனிகள், நகைக்கடைகள் எல்லாம் அதைத்தான் வாங்கிப்போய் ஜனங்களுக்குக் கொடுத்தன. அந்த வருடம் இந்த மாவட்டத்தில் எத்தனை சுவர்களில் அது தொங்கியது என்று அவருக்கே தெரியாது.

அடுத்த குடியரசு தினத்தன்று அச்சக வளாகத்தில் மன்றத்தின் கண்காட்சி நடந்தது. ஓய்வு பெற்ற காவலர் ஒருவர் வந்தார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். அவரும் இப்போது இல்லை. சுற்றிச் சுற்றி வந்தவர் இந்தத் துப்பாக்கியின் முன்னால் நின்றுவிட்டார். எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். எடுத்தார். கட்டைவிரல் தானாகப் போய் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தது. சீனிவாசகம் வழக்கம்போலப் பர்மாவை ஆரம்பித்தார்.

"இல்ல சார்" என்றார் அவர். "இது லாரிக் கதவு இடிச்ச பள்ளம். நான்தான் இடிச்சேன். அதுக்கு எனக்கு மெமோ குடுத்தாக."

நாங்கள் சிரித்துவிட்டோம். நான்தான் பலமாகச் சிரித்தேன். இத்தனை வருடத்துப் பர்மா ஒரு லாரிக் கதவில் முடிந்துபோனால் போட்டிக்காரனுக்குச் சிரிப்பு வராதா? அவர் சிரிக்கவில்லை. துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுத் தன் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அன்னிக்குக் காலையிலதான் இடிச்சேன். மதியம் தண்ணி கேட்டு ரோட்ட மறிச்சவுகளச் சுடச் சொல்லி ஆர்டர். மத்தவுக எல்லாம் வானத்தப் பாத்துச் சுட்டாக. எனக்குக் கை எறங்கிருச்சு சார். ஏன்னு தெரியல. எறங்கிருச்சு."

அவ்வளவுதான் சொன்னார். ஊரின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். சீனிவாசகம் லென்ஸை எடுத்து, வருடம் குத்தியிருந்த இடத்தை மறுபடியும் பார்த்தார். என்னிடம் கொடுத்தார். நானும் பார்த்தேன். தேய்ந்த அந்த எண் ஒன்பது. போர் முடிந்த பிறகு செய்த துப்பாக்கி அது. பர்மாவைப் பார்க்கவே இல்லை. அது பார்த்ததெல்லாம் நம் மாவட்டத்தை, நம் வெயிலை, குடத்தோடு நின்ற நம் ஜனங்களை!

என்ன செய்திருப்பீர்கள் நீங்கள்? நானாக இருந்தால் அன்றைக்கே விற்றிருப்பேன். அதைத்தான் அவருக்கும் சொன்னேன். "கண்காணாத எடத்துக்குத் தள்ளிவிட்ருங்க" என்றேன். அவர் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். மறுநாள் போனால் துணி போட்டு மூடியிருந்தார். அதற்கு மறுநாள் துணி இல்லை. "மூடுனா அவரு மூச்சுத் திணறுறாரு சார்" என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. 'அவரு' என்று அவர் இதுவரை துப்பாக்கியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் சொன்னது துப்பாக்கியை இல்லை, அதன் முன்னால் விழுந்தவரை என்று எனக்குப் பட்டது.

பிறகு ஒரு நாள் என்னையும் இழுத்துக்கொண்டு அந்த ஊருக்குக் கிளம்பினார். விசாரித்ததில் செத்தது காளீஸ்வரன் என்கிற இளைஞன் என்று சொன்னார்கள். அவன் மனைவி முத்துமாரியம்மாள் ஊரை விட்டுப் போய்த் தாயில்பட்டிப் பக்கத்தில் ஒரு வெடி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டதாகவும் சொன்னார்கள். இனி நான் சொல்லப்போவதை அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். "மேடையில சொன்னாத்தான் என்ன, சொல்லுங்க" என்றார்கள்.

ஒற்றை அறை வீடு. வாசலில் நின்று பெயரைச் சொன்னதும், "உள்ள வாங்க" என்று பாயை விரித்தார்கள். சீனிவாசகம் ஒரு காலை உள்ளே வைத்தார். அப்படியே நின்றார். எதிர்ச் சுவரில் அவருடைய காலண்டர்!

தாள் எல்லாம் கிழித்து முடிந்து, அட்டை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. துப்பாக்கியின் மேல் காய்ந்துபோன சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். அவர் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அந்த அம்மா சொன்னார்கள், "கம்பெனியில குடுத்தாக. நாட்டுக்காகச் சண்ட போட்டதுன்னு எழுதியிருக்குல்ல? அதான் வருசம் முடிஞ்ச பொறவும் எடுக்கல. ஆயுதபூசைக்குப் பொட்டு வச்சேன்."

சபையோரே! நான் போர்க் கதைகளை வாசித்தவன். பிள்ளைகளுக்கு அணிவகுப்புச் சொல்லிக்கொடுத்தவன். இப்படி ஒரு அடியை நான் எங்கேயும் பார்த்ததில்லை. தன் புருசனைக் கொன்ற துப்பாக்கிக்குத் தன் கையாலேயே பொட்டு வைத்திருக்கிறாள் ஒரு பெண். அதைச் சுவரில் மாட்டவைத்தது யார்? பர்மா என்று தங்க எழுத்தில் எழுதியது யார்? சீனிவாசகம் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மறைக்கலாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். அவர் மறைக்கவில்லை. ஒன்று விடாமல் சொன்னார்.

அந்த அம்மா அழவில்லை. எழுந்து போய் அட்டையைக் கழற்றித் தரையில் வைத்தார்கள். யார் சுட்டது என்று கேட்பார்கள் என்று நான் நினைத்தேன். கேட்கவில்லை. இன்று வரைக்கும் கேட்கவில்லை. "எங்க வீட்டுக்காரவுக மொகத்த எனக்குக் காட்டல" என்றார்கள். "நான் பேறுகாலத்துக்கு எங்க அம்மா வீட்ல இருந்தேன். வந்து பாக்குறதுக்குள்ள போலீஸே எடுத்துட்டுப் போயிருச்சு. மேளம் கூடாது, வேட்டு கூடாது, நாலு பேருக்கு மேல வரக்கூடாதுன்னு சொல்லிட்டாகளாம். ஒரு சத்தமும் இல்லாம போனாக." தரையில் கிடந்த அட்டையைக் காட்டி, "அத நான் பாக்கணும்" என்றார்கள். "அவுக கடைசியாப் பாத்தது அதத்தான?"

இப்போது புரிகிறதா, சீனிவாசகம் ஏன் வேட்டுச் சத்தம் இல்லாமல் போனார் என்று? ஆர்த்தியிடம் அவர் சொன்ன வார்த்தை இது: "காளீஸ்வரன எப்படிக் கொண்டு போனாகளோ, அப்படியே என்னையும் கொண்டு போங்க தாயி."

அந்த அம்மா ஆயுதபூசை அன்று வந்தார்கள். அச்சகத்தில் பூசை முடிந்து ஆட்கள் போன பிறகு, அலுவலக அறையில் மேசையின் மேல் இரண்டு பேப்பர் கட்டுகளை வைத்து, அதன் மேல் துப்பாக்கியைச் சீனிவாசகம் படுக்க வைத்தார். அன்றைக்கு அதற்குச் சந்தனம் இல்லை, மாலை இல்லை. குழலுக்கு எதிரே ஒரு நாற்காலி.

எங்கள் மன்றத்தில் சேருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்று உண்டு. காலித் துப்பாக்கி என்று உலகத்தில் ஒன்று கிடையாது. தோட்டா இல்லை என்று நூறு தடவை பார்த்திருந்தாலும் குழலை ஒரு உயிருக்கு நேரே திருப்பக் கூடாது. இந்த விதியில் சீனிவாசகத்தைப் போலக் கண்டிப்பான மனிதரை நான் பார்த்ததில்லை. ஒருவன் விளையாட்டுக்குத் திருப்பினான் என்று மன்றத்தை விட்டே விலக்கியவர். அதனால் குழலின் பின்பக்கத்தை அடைக்கிற போல்ட்டைக் கழற்றி ஆர்த்தியின் கையில் கொடுத்துவிட்டுத்தான் அந்த அம்மாவை உட்காரச் சொன்னார்.

அம்மா குனிந்து குழலுக்குள் பார்த்தார்கள். போல்ட் இல்லாத குழலில் அந்தப் பக்கத்து ஜன்னல் தெரியும். வட்டமாக வெளிச்சம் தெரியும்.

"வெளிச்சம் தெரியுதே" என்றார்கள். "அவுகளுக்கு இப்படித் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது தாயி."

"அப்ப அவுக பாத்த மாதிரி வையிங்க."

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். "ஏலே சீனி, போல்ட்டப் போடாத! கிறுக்கா உனக்கு?" என்று கத்தினேன். அவரை அப்படி ஒருமையில் அழைத்தது அந்த ஒரு நாள்தான். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தோட்டா இல்லை என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு போல்ட்டைப் பூட்டினார். அந்தச் சத்தம் இருக்கிறதே, இரும்போடு இரும்பு உட்காரும் அந்தச் சத்தம்! எவ்வளவு ஆசையாகக் கேட்ட சத்தம் அது எங்களுக்கு! அன்றைக்கு நான் காதைப் பொத்திக்கொண்டேன். வெளிச்சம் போய்விட்டது. குழலின் வாயில் இருட்டு மட்டும் இருந்தது.

அந்த அம்மாவை அதன் முன்னால் தனியாக விட்டுவிட்டு அவர் கட்டையின் பக்கம் நின்றாரா? இல்லை. இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டு, அம்மாவுக்குப் பக்கத்திலேயே, அந்தக் குழலுக்கு நேரே, அவரும் உட்கார்ந்தார். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சட்டை முதுகில் வியர்வை பரவுவதை நான் வாசலில் இருந்து பார்த்தேன். பிறகு அம்மா எழுந்து, "வாறேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்கள். அடுத்த ஆயுதபூசைக்கும் வந்தார்கள். அதற்கு அடுத்ததற்கும் வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் போல்ட்டைப் பூட்டுகிற சத்தம் கேட்பதற்கு முன்னால் நான் தெருவுக்குப் போய்விடுவேன்.

ஒருவர் இத்தனை ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, இரண்டுக்கு மேல் உள்ளதைத் திருப்பிக் கொடு என்று புதுச் சட்டம் வந்தது. அவரிடம் மூன்று இருந்தன. ஒன்று உண்மையிலேயே போர் பார்த்த ரைஃபிள், வால்நட் மரத்தில் அவ்வளவு அழகு. அதைத்தான் கொடுத்தார்! ஒப்படைத்துவிட்டு வந்த அன்று மன்றத்தில் எல்லோரும் அவரைப் பைத்தியம் என்றார்கள். நானும் சொன்னேன். "அந்த அம்மா வந்து பாக்குற வரைக்கும் இவரு என்கிட்டத்தான் இருக்கணும்" என்று சொல்லி முடித்துவிட்டார்.

அவருடைய இன்னொரு பைத்தியம் உங்களில் பாதிப் பேர் வீட்டு வாசலுக்கே வந்திருக்கும். கையில் புதுக் காலண்டர் கட்டோடு வந்து, "பழைய துப்பாக்கிக் காலண்டர் இருக்கா? குடுத்துட்டுப் புதுசு வாங்கிக்கிடுங்க" என்று தெருத் தெருவாக அலைந்தாரே, நினைவிருக்கிறதா? பழைய பாத்திரத்துக்குப் புதுப் பாத்திரம் கொடுக்கிறவர் மாதிரி! டீக்கடையில் ஒன்று கிடைத்தது. தண்ணீர்ப் பானைக்கு மூடியாக ஒன்று கிடைத்தது. பரீட்சை எழுதுகிற அட்டையாக ஒரு பிள்ளை பள்ளிக்கே கொண்டுவந்திருந்தது, அதை நானே வாங்கிக் கொடுத்தேன். "இன்னொரு வீட்ல எந்தத் தாயி பொட்டு வச்சிருக்காளோ, யாரு கண்டா?" என்பார். மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்த கடைசி நாட்களிலும் ஆர்த்தியிடம், "இன்னும் வெளிய கெடக்கு தாயி, இன்னும் கெடக்கு" என்று அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். அச்சடிப்பது எளிது, நண்பர்களே. போன காகிதத்தைத் திரும்ப வாங்க முடிகிறதா?

அச்சகத் தோழர்களே, அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்வதாக ஆர்த்தியிடம் சொன்னீர்கள். கேட்டேன், நெஞ்சு குளிர்ந்தது. இந்தச் சீசனில் காலண்டர் கொண்டுபோகிற ஒவ்வொரு வண்டியும் திரும்பி வரும்போது பழைய அட்டை இருந்தால் கேட்டு வாங்கி வரும். அதை இந்தச் சபை அறிய இங்கே உறுதியாகச் சொல்கிறோம்.

இனி அந்தத் துப்பாக்கி. நேற்று முத்துமாரியம்மாள் அம்மாவைப் பார்க்கப் போனேன். கேள்விப்பட்டிருக்கிறார்கள். "வெட்டிருவாகளாமே சார்?" என்றார்கள்.

"நீங்க ஒரு வார்த்த சொன்னா நான் எடுத்துக்கிடுறேன்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். என்னிடமும் சட்டம் அனுமதித்த இரண்டு இருக்கின்றன. இதை எடுக்க வேண்டுமானால் அதில் ஒன்றைக் கொடுக்க வேண்டும். என் பழைய மார்ட்டினி ரைஃபிளைக் கொடுத்துவிடலாம் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போயிருந்தேன். சீனிவாசகமே ஆசைப்பட்டு என்னிடம் கேட்டு, நான் கொடுக்காமல் வைத்திருந்தது அது. இதைவிடப் பெரிய தியாகம் உண்டா என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "எடுத்து வச்சு என்ன செய்யப் போறீக? அந்த ஐயாவும் போயிட்டாக. ஒத்தையில அதுக்கு முன்னால உக்கார எனக்குப் பயமா இருக்கு சார்" என்றார்கள்.

பயமா! இத்தனை வருடமும் அந்த அம்மாவுக்குப் பயம் கிடையாது என்றல்லவா நான் எண்ணியிருந்தேன்? பயத்தோடுதான் தாயில்பட்டியில் இருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்ததால் அவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் தெருவில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். நேற்று அவர்களுக்கு ஒரு பதிலும் சொல்ல முடியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அமரர் சீனிவாசகம் அவர்களே! உங்கள் மன்றத்தை நடத்துவோம், உங்கள் அச்சகம் ஓடும் என்றெல்லாம் மற்றவர்கள் உங்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு மிச்சம் இருப்பது ஒன்றுதான். என் மார்ட்டினியை ஒப்படைக்க நாளைக்கே எழுதிக் கொடுக்கிறேன். உரிமம் கைக்கு வந்த அன்றே உங்கள் துப்பாக்கியை எடுத்து வருவேன்.

அம்மா முத்துமாரியம்மாள் அவர்களே, நேற்று சொல்லாத பதிலை இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். வருகிற ஆயுதபூசைக்கு நீங்கள் வாருங்கள். மறுநாளே வெட்டச் சொன்னாலும் சரி, வருடா வருடம் வந்தாலும் சரி, அது உங்கள் இஷ்டம். தோட்டா இல்லை என்று பார்த்து, போல்ட்டை நானே பூட்டுவேன். பூட்டிவிட்டுத் தெருவுக்குப் போக மாட்டேன். சுற்றி வந்து, உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்காருவேன்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, அம்மா. ஆனாலும் உட்காருவேன்.